இடம்பெயர்ந்த தெருக்களைப் பற்றி ஓர் ஆய்வுப் பயிலரங்கு: பினாங்கில் நடத்துவோருக்கு ஒரு வழிகாட்டி

சமூக மாற்றம், நினைவு, நகரின் உருமாற்றம் ஆகியவற்றை ஒருங்கே ஆராயும் பயிலரங்குகளை நடத்த வேண்டும் என்ற விருப்பம் பினாங்கில் பல்கலைக்கழக மாணவர்களிடையேயும் வாசகர் வட்டங்களிடையேயும் ஆலய நிர்வாகங்களிடையேயும் இன்று இருக்கிறது. அந்த விருப்பத்தோடு என்னிடம் ஆலோசனை கேட்டு வருபவர்களுக்கு நான் சொல்வதையே இங்கே எழுதுகிறேன். மண்டபத்தை முன்பதிவு செய்வதையும் ஒலிவாங்கியைச் சரிபார்ப்பதையும் எவரும் ஒரு நாளில் கற்றுக்கொள்ளலாம். கற்றுக்கொள்ளக் கடினமானது, ஒரு நகரத்தை இழந்தவர்களையும் அந்த நகரத்தை ஆராய்பவர்களையும் ஒரே மேசையில் சமமாக அமரவைப்பதுதான்.

நான் முதன்முதலில் ஏற்பாட்டுக் குழுவில் பணியாற்றிய பயிலரங்கில், துறைமுகத்தில் நெடுங்காலம் வேலை செய்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவரை அழைத்திருந்தோம். இரண்டாம் நாள் மாலையில், நன்றியுரைக்கு முன்னால், அவருக்குப் பத்து நிமிடம் ஒதுக்கியிருந்தோம். முதல் நாள் காலையில் படிக்கப்பட்ட ஒரு கட்டுரையில் தாம் வாழ்ந்த தெருவைப் பற்றிய செய்தி ஒன்று தவறாக இருந்தது என்று அவர் சொல்லத் தொடங்கியபோது நேரம் முடிந்துவிட்டது; கட்டுரையாளரும் அதற்குள் புறப்பட்டுப் போயிருந்தார். அவரைப் பேருந்து நிறுத்தம்வரை கொண்டுபோய் விட்டபோது, "காலையிலேயே என்னைக் கேட்டிருக்கலாமே, தம்பி" என்றார். இந்த வழிகாட்டியில் நான் சொல்லும் ஏற்பாடுகள் யாவும், அவரைக் காலையிலேயே கேட்பதற்கு என்ன செய்ய வேண்டும் என்ற ஒரே கேள்வியிலிருந்து பிறந்தவை.

கேள்வியைச் சிறிதாக்குதல்

"மாறிவரும் நகரமும் தமிழர் வாழ்வும்" என்பது போன்ற தலைப்பை வைத்தால் எல்லாக் கட்டுரைகளும் அதற்குள் அடங்கிவிடும். ஒரு கட்டுரையும் மற்றொன்றோடு பேசாது. பயிலரங்கின் பயன், பத்துப் பேர் ஒரே கேள்வியைப் பத்துப் பக்கங்களிலிருந்து பார்ப்பதில் இருக்கிறது. ஆகவே இடம், காலம், மக்கள் ஆகிய மூன்றையும் குறுக்கிக்கொண்டு கேள்வியை அமைக்க வேண்டும்.

பினாங்கின் தலைநகரான ஜார்ஜ்டவுனிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டுத் தருகிறேன். 1966-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1948 ஜனவரி 31-க்கு முன் கட்டப்பட்ட கட்டடங்களின் வாடகையை உயரவிடாமல் பிடித்துவைத்திருந்தது. அதனால் நகரின் நடுவில் உள்ள கடைவீடுகளின் மாடிகளிலும் பின்கட்டுகளிலும் தொழிலாளர் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக மிகக் குறைந்த வாடகையில் வாழ முடிந்தது. கட்டடத்தைப் பழுதுபார்ப்பதில் உரிமையாளருக்கு ஆதாயம் இல்லாததால் பல வீடுகள் ஒழுகிக்கொண்டும் இருந்தன. 1997-இல் அந்தச் சட்டம் நீக்கப்பட்டது. மாறிக்கொள்வதற்கான இடைக்காலம் 1999-இன் இறுதியோடு முடிந்தது. 2000 பிறந்ததும் வாடகைகள் ஏறின, குடும்பங்கள் வெளியேறின. ஜார்ஜ்டவுன் மலாக்காவோடு சேர்ந்து யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது அதற்கு எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு, 2008 ஜூலை 7-ஆம் நாள்தான். இன்று பலர் பேசும்போது, நகரம் காலியானதற்குப் பாரம்பரிய அங்கீகாரமே காரணம் என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அங்கீகாரத்துக்குப் பிறகு வந்த தங்கும் விடுதிகளும் காப்பிக் கடைகளும் அந்தப் போக்கை விரைவுபடுத்தின என்பது உண்மை. ஆனால் வெளியேற்றம் முன்பே தொடங்கிவிட்டது. ஆகவே, "2000-க்கும் 2008-க்கும் இடையில் லெபோ குயின், லெபோ கிங் தெருக்களில் வாடகைக்கு இருந்த தமிழ்க் குடும்பங்கள் எங்கே போயின, எப்படிப் போயின?" என்று கேட்டால், சட்டம் படித்தவர், புவியியல் படித்தவர், அந்தத் தெருவில் பிறந்தவர் என எல்லோருக்கும் அதில் சொல்ல ஏதோ ஒன்று இருக்கும். அது நல்ல கேள்வி.

கெலுகோரில் மாடு வளர்த்து வாழ்ந்த தமிழ்க் குடும்பங்களின் கம்போங் புவா பாலா கிராமம் 2009-இல் இடிக்கப்பட்டதையும் இவ்வாறே எடுத்துக்கொள்ளலாம். கோலாலம்பூரில் நடத்துவோர் பிரிக்ஃபீல்ட்ஸை எடுத்தால், பழைய ரயில்வே நிலத்தில் எழுந்த கே.எல். சென்ட்ரல் ரயில் நிலையம் 2001-இல் திறக்கப்பட்டதற்கும், 2010 அக்டோபரில் அப்பகுதி லிட்டில் இந்தியாவாக அறிவிக்கப்பட்டதற்கும் இடைப்பட்ட பத்தாண்டு ஒரு பயிலரங்குக்குத் தாராளமாகப் போதும்.

அளவும் நாளும்

இரண்டு நாள், எட்டு முதல் பத்துக் கட்டுரை, மொத்தம் இருபத்தைந்து பேர் என்பதே என் அனுபவத்தில் சரியான அளவு. அதைவிடப் பெருகினால் அது கருத்தரங்காகிவிடும்; பேராளர்கள் பார்வையாளர்களாகிவிடுவார்கள். அந்த இருபத்தைந்தில் குறைந்தது எட்டுப் பேராவது ஆராயப்படும் இடத்தில் வாழ்ந்தவர்களாக இருக்க வேண்டும். ஒருவரை மட்டும் அழைத்தால் அவர் அந்தத் தெருவின் பிரதிநிதியாக்கப்படுவார்; எட்டுப் பேர் இருந்தால்தான் அவர்களுக்குள் கருத்து வேறுபாடு எழும், அந்த வேறுபாட்டில்தான் ஆய்வுக்குரிய பொருள் கிடைக்கும்.

தயாரிப்புக்கு ஆறு மாதம் வேண்டும். நாள் குறிக்கும்போது தைப்பூசத்தை ஒட்டிய வாரத்தைத் தவிர்த்துவிடுங்கள். பினாங்கில் ரதம் புறப்படும் நாள், பூச நாள், ரதம் திரும்பும் நாள் என மூன்று நாளும் எவரும் உங்களுக்குக் கிடைக்கமாட்டார்கள். நோன்பு மாதத்தில் இரண்டு நாள் உட்காரச் சொல்வது தமிழ் முஸ்லிம்களுக்குச் செய்யும் அநீதி. வெள்ளிக்கிழமையைத் தேர்ந்தெடுத்தால் நண்பகல் தொழுகைக்குப் போதிய இடைவேளை விடுங்கள். இதை வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு: பினாங்கின் தமிழ் நினைவு என்றதும் ஆலயத்தையும் தோட்டத்தையும் மட்டும் நினைப்பவர்கள் நம்மில் இருக்கிறார்கள். கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலையும் லெபோ சூலியாவின் நாகூர் தர்காவையும் விட்டுவிட்டு இந்த நகரின் தமிழ் வரலாற்றை எழுதவே முடியாது. ஏற்பாட்டுக் குழுவிலேயே அந்தச் சமூகத்தினர் இருந்தால் இத்தகைய பிழைகள் தொடக்கத்திலேயே திருத்தப்படும்.

கட்டுரை முன்னே வர வேண்டும்

அழைப்பை ஆறு மாதத்துக்கு முன் வெளியிட்டு, முந்நூறு சொற்களில் சுருக்கம் கேளுங்கள். சுருக்கத்தில் இரண்டு செய்திகள் கட்டாயம் இருக்க வேண்டும்: கட்டுரையாளர் எந்தச் சான்றுகளைப் பார்த்தார், யாரோடு பேசினார். இந்த இரண்டும் இல்லாத சுருக்கம் எவ்வளவு அழகான கோட்பாட்டு மொழியில் இருந்தாலும், அது இந்த வகைப் பயிலரங்குக்கு உதவாது.

முழுக் கட்டுரை நிகழ்வுக்கு மூன்று வாரம் முன்னதாக வந்துவிட வேண்டும். அரங்கில் கட்டுரையை யாரும் படிக்கக் கூடாது. எல்லோரும் முன்பே படித்து வந்திருப்பார்கள் என்ற உடன்பாட்டில், கட்டுரையை எழுதியவர் அல்லாத வேறொருவர் அதைப் பத்து நிமிடத்தில் அறிமுகப்படுத்தி இரண்டு கேள்விகளை முன்வைப்பார். எழுதியவர் ஐந்து நிமிடம் பதில் சொல்வார். மீதி அரை மணி நேரம் பொது உரையாடல். ஒரு கட்டுரைக்கு முக்கால் மணி நேரம் என்று வைத்தால் ஒரு நாளில் ஐந்துக்கு மேல் முடியாது, முடியவும் வேண்டாம்.

அங்கு வாழ்ந்தவர்கள் கட்டுரையை எவ்வாறு படிப்பார்கள் என்ற கேள்வி இங்கேதான் எழுகிறது. சிலருக்கு எழுத்து வாசிப்பு இருக்காது. இருந்தாலும் ஆய்வு மொழி பழக்கமில்லை. ஆகவே ஒவ்வொரு கட்டுரைக்கும் இரண்டு பக்கத்தில் எளிய தமிழ்ச் சுருக்கம் ஒன்றைக் கட்டுரையாளரே எழுத வேண்டும். ஏற்பாட்டுக் குழுவைச் சேர்ந்த ஒருவர் அதை எடுத்துக்கொண்டு உரியவரின் வீட்டுக்குப் போய் வாசித்துக் காட்ட வேண்டும். "இதில் எது தவறு?" என்று கேட்காமல், "இதில் எது விட்டுப்போயிற்று?" என்று கேளுங்கள். பிழை கண்டுபிடிக்கச் சொன்னால் படித்தவர்களிடம் பணிந்துபோகும் பழக்கத்தால் அவர்கள் தயங்குவார்கள். விட்டுப்போனதைச் சொல்லச் சொன்னால் பிழையும் தானாகவே வெளிவரும். அந்தக் குறிப்புகளைக் கட்டுரையாளருக்கு முன்கூட்டியே அனுப்பிவிட்டால், முதல் அமர்விலேயே அந்த மூத்தவர் கருத்துரைப்பவராக அமர்வார்.

மூத்தவர்களை அழைத்தல்

அழைப்புக் கடிதம் மட்டும் அனுப்பினால் ஒருவரும் வரமாட்டார்கள். நேரில் போக வேண்டும். முதல் சந்திப்பில் ஒலிப்பதிவுக் கருவியை வெளியே எடுக்கவே கூடாது. ஒரு குடும்பத்துக்குக் குறைந்தது மூன்று முறை போகத் திட்டமிடுங்கள். பெண்களோடு பேசப் பெண்களே போவது நல்லது. கூடத்தில் கணவரும் மகனும் இருக்கும்போது தெருவின் வரலாற்றை ஆண்களே சொல்லிவிடுவார்கள். குழாயடியில் வரிசை எப்படி நின்றது, மாடியில் ஆறு குடும்பத்துக்கு எத்தனை அடுப்பு இருந்தது, வீட்டைக் காலி செய்த நாளில் சமையல் எங்கே நடந்தது என்பவற்றைப் பெண்களிடம்தான் கேட்டறிய முடியும். இடப்பெயர்வு ஒரு குடும்பத்தை என்ன செய்தது என்பது அந்த விவரங்களில்தான் தெரிகிறது.

ஒப்புதல் படிவத்தைத் தமிழில் எழுதி, வாய்விட்டு வாசித்துக் காட்டிய பிறகே கையொப்பம் கேளுங்கள். பதிவை யார் கேட்பார்கள், எங்கே வைக்கப்படும், பெயர் வெளிவருமா, பிறகு மனம் மாறினால் அழித்துவிடலாமா ஆகிய நான்கு கேள்விகளுக்கும் அதில் விடை இருக்க வேண்டும். 2010-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வணிகப் பரிமாற்றங்களைப் பற்றியது என்பதால் ஆய்வுக்கு அது பொருந்தாது என்று சிலர் அலட்சியமாக இருக்கிறார்கள். சட்டம் கேட்காவிட்டாலும் பல்கலைக்கழகத்தின் ஆய்வு நெறிக் குழு கேட்கும். அதுவும் கேட்காவிட்டால் நாமே கேட்டுக்கொள்ள வேண்டும். வெளிநாட்டிலிருந்து வந்து இங்கே களஆய்வு செய்பவர்கள் அரசின் ஆய்வு அனுமதி பெற வேண்டும் என்பதையும் அழைப்பிலேயே குறிப்பிட்டுவிடுங்கள்.

சாதியைப் பற்றிய நினைவுகள் கட்டாயம் வெளிவரும். தோட்டத்துத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் யார் எந்தக் கோடியில் இருந்தார்கள், நகரத்தில் எந்தத் தெரு யாருடையது, எந்தக் கோயிலில் யார் எங்கே நின்றார்கள் என்பவை நம் நகர வரலாற்றின் பகுதிகள். அவற்றை மறைத்து எழுதுவது நேர்மையன்று. ஆயினும் ஒரு குடும்பம் இன்று வெளியில் சொல்ல விரும்பாத ஒன்றை அரங்கில் போட்டு உடைக்கும் உரிமை நமக்கில்லை. தனியே சொன்னதைத் தனியே வைத்திருங்கள். எழுதும்போது தெருவையும் குடும்பத்தையும் இனங்காண முடியாதபடி எழுதுங்கள். கம்போங் புவா பாலாவைப் போன்ற இடங்களில், மேம்பாட்டாளர் தர முன்வந்த மாற்று வீட்டை ஏற்றவர்களும் ஏற்க மறுத்தவர்களும் ஒரே ஊரார், பல நேரங்களில் ஒரே உறவினர். இருதரப்பையும் முன்னறிவிப்பின்றி ஒரே அமர்வில் எதிரெதிராக உட்காரவைத்தால், பழைய புண்ணைக் கிளறியவர்களாகவே நாம் திரும்பி வருவோம். இருவரிடமும் தனித்தனியே கேட்டு, இருவரும் சம்மதித்தால் மட்டுமே அதைச் செய்யலாம். வழக்கு நடந்துகொண்டிருக்கும் நில விவகாரமாக இருந்தால் அரங்கில் பேசுவதற்கு முன் ஒரு வழக்கறிஞரின் ஆலோசனையைப் பெறுங்கள்.

நாள்கணக்கை மீட்கும் முறை

நினைவு ஆண்டுக்கணக்கில் தங்குவதில்லை. "எந்த ஆண்டு வீட்டைக் காலி செய்தீர்கள்?" என்ற கேள்விக்கு வரும் விடை பெரும்பாலும் ஊகமாகவே இருக்கும். அதற்கு நிகழ்வு நாட்காட்டி ஒன்றைத் தயாரித்து வைத்துக்கொள்ள வேண்டும். பயிலரங்குக்கு முன் செய்யும் வேலைகளில் இதையே நான் மிக உயர்வாக மதிக்கிறேன். பினாங்குக்கு நான் பயன்படுத்தும் நாட்காட்டியில் இருப்பவை: 1941 டிசம்பரில் ஜார்ஜ்டவுன்மீது ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்டது, 1945 செப்டம்பரில் ஜப்பானியர் ஆட்சி முடிந்தது, 1957 ஆகஸ்ட் 31-இல் நாடு விடுதலை பெற்றது, 1967 நவம்பரில் நடந்த ஹர்த்தாலும் ஊரடங்கும், 1969 மே மாத இனக்கலவரமும் அதையடுத்துக் குடியுரிமை இல்லாதவர்கள் வேலை பெர்மிட் இல்லாமல் வேலை செய்ய முடியாமற்போன காலமும், 1974-இல் கொம்தார் கோபுரத்தின் கட்டுமானம் தொடங்கியது, 1985 செப்டம்பரில் பினாங்குப் பாலம் திறக்கப்பட்டது, 2000-இன் வாடகை உயர்வு, 2004 டிசம்பர் 26-இன் ஆழிப்பேரலை. இவற்றோடு அந்தக் குடும்பத்தின் திருமணம், பிள்ளைப்பேறு, மரணம் ஆகியவற்றையும் சேர்த்துக்கொண்டு, "பாலம் திறந்தபோது எந்த வீட்டில் இருந்தீர்கள்? அப்போது மகள் பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்தாளா?" என்று கேட்டால் ஆண்டு கிட்டத்தட்டச் சரியாக வந்து விழும்.

வேலை பெர்மிட் காலத்தைப் பற்றித் தனியே கேளுங்கள். குடியுரிமை இல்லாமல் சிவப்பு அடையாளக் கார்டு வைத்திருந்த பல தமிழர்கள் அப்போது வேலையை இழந்து கப்பலேறி இந்தியாவுக்குத் திரும்பினார்கள். ஒரு தெரு காலியானதற்கு வாடகையும் மேம்பாடும் மட்டும் காரணமல்ல என்பது இத்தகைய கேள்விகளில்தான் புலப்படுகிறது. துறைமுக வேலை கடலுக்கு அப்பாலுள்ள பட்டர்வொர்த் கரைக்கு நகர்ந்ததும், படகிலிருந்து சரக்கு இறக்கிய தொழிலாளர்களுக்கு நகரின் நடுவில் தங்க வேண்டிய தேவையே இல்லாமற்போனதும் அப்படிப்பட்ட மற்றொரு காரணம்.

சொல்லப்பட்டதும் ஆவணமும் முரண்பட்டால் உடனே ஆவணத்தின் பக்கம் சாயாதீர்கள். ஒரு மூத்தவர் ஆண்டைத் தவறாகச் சொல்லலாம். ஆனால் இரண்டு நிகழ்வுகளை ஒரே ஆண்டில் வைத்து அவர் நினைவுகூர்வது, அவர் மனத்தில் அவை ஒரே இழப்பாகப் பதிந்திருக்கின்றன என்பதைக் காட்டலாம். இரண்டையும் கட்டுரையில் அருகருகே வைத்து, முரணை வெளிப்படையாக எழுதச் சொல்லுங்கள்.

ரதம் செல்லும் வழியை வரைதல்

பினாங்குக்கே உரிய ஒரு பயிற்சியை இங்கே சொல்கிறேன். தைப்பூசத்துக்கு முந்தைய நாள் வெள்ளி ரதம் லெபோ பினாங்கிலுள்ள கோயில் வீட்டிலிருந்து புறப்பட்டுத் தண்ணீர்மலைக் கோயிலுக்குச் செல்கிறது. 2017 முதல் தங்க ரதமும் செல்கிறது. அந்த வழியைப் பெரிய தாளில் வரைந்து மேசைமேல் விரித்துவையுங்கள். சிறுவயதில் எந்த இடத்தில் நின்று ரதத்தைப் பார்த்தீர்கள், உங்கள் குடும்பம் எங்கே தேங்காய் உடைத்தது, யாருடைய தண்ணீர்ப் பந்தல் எங்கே இருந்தது, இப்போது எங்கிருந்து வந்து பார்க்கிறீர்கள் என்று ஒவ்வொருவரையும் குறிக்கச் சொல்லுங்கள். பழைய இடத்தை ஒரு நிறத்திலும் இன்றைய வீட்டை இன்னொரு நிறத்திலும் குறித்தால், நகரின் நடுவிலிருந்து ஆயர் ஈத்தாம், கெலுகோர், பாயான் பாரு, கடலுக்கு அப்பால் பிறை என்று குடும்பங்கள் சிதறிய கதை ஒரு மணி நேரத்தில் தாளில் எழுந்து நிற்கும். வீட்டைப் பற்றி நேரடியாகக் கேட்டால் கண்கலங்கி நிறுத்திவிடுபவர்கள்கூட ரதத்தைப் பற்றிக் கேட்டால் தொடர்ந்து பேசுவார்கள். ரதத்தோடு தொடர்பில்லாத பேராளர்களுக்கு மாற்று வழிகளும் வேண்டும்: தர்காவின் கந்தூரிக்கு வந்துபோன வழி, பள்ளிக்கூடத்துக்கு நடந்த வழி, வேலைக்குச் சைக்கிளில் போன வழி.

முதல் நாள் காலை ஏழரை மணிக்கு, வெயில் ஏறுமுன், எல்லோரும் சேர்ந்து நடக்கலாம். நம்மவர்கள் கடைத்தெரு என்று அழைத்த லெபோ பாசாரில் தொடங்கி, 1833-இலிருந்து லெபோ குயினில் நிற்கும் மகா மாரியம்மன் ஆலயம், லெபோ பினாங்கில் செட்டியார்கள் வட்டித்தொழில் நடத்திய கிட்டங்கிகள், நாகூர் தர்கா, பள்ளிவாசல் என்று சுற்றி வருவதற்குத் தூரம் அதிகமில்லை. வழிநடத்த வேண்டியவர் அங்கு வாழ்ந்தவர், ஆய்வாளர் அல்லர். அவர் நின்ற இடத்தில் நிற்க வேண்டும், அவர் தாண்டிப்போன இடத்தைத் தாண்டிப்போக வேண்டும். வழியில் இரண்டு இடங்களில் உட்கார நாற்காலிக்கு ஏற்பாடு செய்யுங்கள். சக்கர நாற்காலி கடைவீடுகளின் முன்னுள்ள ஐந்தடி நடைபாதையில் ஏறி இறங்குவது கடினம் என்பதால், நடக்க இயலாதவர்களுக்கு வாகனம் ஒன்றும் உடன்வர வேண்டும்.

மொழி

கட்டுரைகள் தமிழிலும் மலாயிலும் ஆங்கிலத்திலும் வரும், வரட்டும். ஆனால் உரையாடலின் முதன்மை மொழி தமிழ் என்று முடிவெடுத்து, பிறமொழியாளர்களுக்கு அருகில் அமர்ந்து மொழிபெயர்த்துச் சொல்ல இரண்டு மாணவர்களைப் பயிற்றுவியுங்கள். நாம் வழக்கமாகச் செய்வது இதற்கு நேர்மாறானது: ஆய்வாளர்களின் வசதிக்காக ஆங்கிலத்தில் பேசிவிட்டு, மூத்தவர்களுக்குக் கடைசியில் சாரத்தைச் சொல்கிறோம். அப்படிச் செய்தால் அவர்களால் எந்தக் கருத்தையும் உரிய நேரத்தில் மறுக்க முடியாது.

கலைச்சொல் பட்டியல் ஒன்றையும் முன்கூட்டித் தயாரியுங்கள். வசதியுள்ளவர்கள் குடிவந்து வசதியற்றவர்கள் வெளியேற்றப்படும் போக்கை ஆங்கில ஆய்வுகள் ஒற்றைச் சொல்லால் (gentrification) குறிக்கின்றன. தமிழில் அதை மேட்டுக்குடியாக்கம் என்று எழுதிப் பார்க்கலாம். ஆனால் புதுச்சொல் படைப்பதற்கு முன், அங்கு வாழ்ந்தவர்கள் அந்த நிகழ்வை என்ன சொல்லால் குறிக்கிறார்கள் என்று கேட்டுவிடுங்கள். "வாடகை ஏறிப்போச்சு", "எழுப்பிட்டாங்க", "ஒடச்சிட்டாங்க" ஆகிய மூன்றும் ஒன்றல்ல. முதலாவதில் செய்தவர் இல்லை. இரண்டாவதில் ஆளை எழுப்பியவர் இருக்கிறார். மூன்றாவதில் கட்டடம் உடைபட்டிருக்கிறது. யார் எந்தச் சொல்லைத் தேர்ந்தெடுக்கிறார் என்பதே தனியொரு கட்டுரைக்கு உரிய பொருள். தோட்டத் துண்டாடல் (பெருந்தோட்டத்தைத் துண்டுகளாக்கி விற்பது), புறம்போக்குக் குடியிருப்பு, லயம், கிட்டங்கி போன்ற சொற்களை அடிக்குறிப்பில் விளக்காமல் கட்டுரையின் உடலிலேயே விளக்கச் சொல்லுங்கள். இளைய தலைமுறைக்கு அவை அந்நியமாகி வருகின்றன.

ஆவணங்களைத் தேடுதல்

கோலாலம்பூரில் உள்ள தேசிய ஆவணக் காப்பகம், பல்கலைக்கழக நூலகங்கள், ஆலயங்களின் கூட்டக் குறிப்பேடுகள், பழைய திருமண அழைப்பிதழ்கள் ஆகியவை தொடக்கத்துக்குப் போதும். அழைப்பிதழில் வீட்டு முகவரி இருக்கும். ஐம்பது அழைப்பிதழ்களைச் சேர்த்தால் ஒரு தெருவின் குடியிருப்பு வரலாறு கிடைத்துவிடும். 1924-இல் தொடங்கி 2019-இல் நின்றுபோன தமிழ் நேசன் நாளிதழின் பழைய இதழ்களில் வாடகைத் தகராறுகளும் சங்கக் கூட்டங்களும் செய்தியாகியுள்ளன. சிங்கப்பூர் தேசிய நூலக வாரியம் மின்னாக்கம் செய்துள்ள தமிழ் முரசு இதழ்களை வீட்டிலிருந்தே தேடலாம். தேடும்போது தெருவின் எல்லாப் பெயர்களையும் இட்டுப் பாருங்கள்: பிட் தெரு என்பது இன்று ஜாலான் மஸ்ஜிட் கப்பித்தான் கிளிங், கோலாலம்பூரில் பிரிக்ஃபீல்ட்ஸ் சாலை என்பது இன்று ஜாலான் துன் சம்பந்தன். பழைய பெயரை மட்டும் அறிந்தவருக்குப் புதிய ஆவணமும், புதிய பெயரை மட்டும் அறிந்தவருக்குப் பழைய ஆவணமும் கண்ணில் படாமலே போகும்.

பணமும் உபசரிப்பும்

மூத்தவர்களுக்குத் தரும் மதிப்பூதியம், வெளியூர்ப் பேராசிரியருக்குத் தருவதற்கு எவ்வகையிலும் குறையக் கூடாது. அதை உறையிலிட்டு முதல் நாள் காலையிலேயே கொடுத்துவிடுங்கள்; வாகனச் செலவைத் தனியே கொடுங்கள். பொன்னாடைக்கும் நினைவுச் சின்னத்துக்கும் ஒதுக்கும் பணத்தை மொழிபெயர்ப்பாளருக்கும் ஒலிப்பதிவை எழுத்தாக்குபவருக்கும் மாற்றிவிடலாம். ஒரு மணி நேரப் பதிவை எழுதி முடிக்க ஆறேழு மணி நேரம் பிடிக்கும் என்பதை நிதிக் கணக்கில் மறந்துவிடாதீர்கள். சைவ உணவும் ஹலால் உணவும் தனித்தனியே வேண்டும். ஆய்வு செய்யப்படும் நிலத்தை மேம்படுத்தும் நிறுவனத்திடம் நன்கொடை வாங்க வேண்டாம். மாநகர் மன்றத்தின் திட்டமிடல் அதிகாரிகளை அழைக்கலாம், அழைக்கவும் வேண்டும். ஆனால் திறப்புரை ஆற்ற அழைக்காமல், ஓர் அமர்வில் முழுமையாக அமர்ந்து கேள்விகளுக்கு விடைசொல்ல அழையுங்கள்.

முடிந்த பிறகு

கடைசி அமர்வில் தீர்மானம் நிறைவேற்ற வேண்டியதில்லை. அதற்குப் பதிலாக ஒவ்வொரு கட்டுரையாளரும் தம் கட்டுரையில் எதை மாற்றப்போகிறார் என்பதை மூன்று நிமிடத்தில் சொல்லட்டும். அதைத் திருத்தியவர் யார் என்பதையும் பெயர் சொல்லிக் குறிப்பிடட்டும். வெளியீட்டில் அந்த நன்றிக்குறிப்பு, உரியவர் சம்மதித்தால், கட்டுரையின் முதல் பக்கத்திலேயே வர வேண்டும்.

ஒரு மாதத்துக்குள் ஒலிப்பதிவின் படிகளை அவரவர் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுங்கள். விரலியில் (பென் டிரைவ்) போட்டுக் கொடுத்தால் பேரப்பிள்ளைகள் திறந்து காட்டுவார்கள். புகைப்படங்களை மட்டும் தாளில் அச்சிட்டே கொடுங்கள். மூன்று மாதத்துக்குள், அந்தக் குடும்பங்கள் இப்போது வாழும் அடுக்குமாடியின் சமூக மண்டபத்திலோ ஆலய மண்டபத்திலோ ஒரு மாலைக்கூட்டம் நடத்தி, வரைந்த தாளைச் சுவரில் ஒட்டிவையுங்கள். அங்கே இன்னும் சிலர் வருவார்கள். "எங்க வீடு இந்த முனையில இருந்துச்சு, இதுல இல்லையே" என்பார்கள். அவர்களிடம் கொடுக்கப் பேனாக்கள் போதிய அளவில் இருக்கட்டும். அந்தக் கூட்டத்துக்குரிய நாளையும் மண்டபத்தையும் பயிலரங்குக்கு முன்பே உறுதிசெய்துவிடுங்கள். பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என்று நாங்கள் விட்ட ஆண்டில் அது நடக்கவே இல்லை.